பழைய லினோலியம் தரையைப் பெயர்க்கப் போறீங்களா? கிரைண்டரை ஆன் செய்வதற்கு முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் சிட்கோ போன்ற தொழிற்பேட்டைகளில் ஒரு பழைய ஷெட்டோ அலுவலகக் கட்டடமோ கைமாறினால், புது உரிமையாளர் முதலில் கை வைப்பது பெரும்பாலும் தரையில்தான். கான்கிரீட் மேல் ஒட்டியிருக்கும் பழைய லினோலியம் அல்லது வினைல் விரிப்பைக் கிழித்து, அடியில் காய்ந்து கிடக்கும் பசையைச் சுரண்டி, மேலே எபாக்ஸியோ டைல்ஸோ போட வேண்டும். கேட்பதற்கு 'ரெண்டு நாள் வேலை' மாதிரிதான் இருக்கும்.

ஆனால் இந்த ரெண்டு நாள் வேலையில் மூன்று சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பழைய தரையிலோ பசையிலோ ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். இரண்டு, பசையைக் கரைக்க ஊற்றும் தின்னர் தீப்பிடிக்கலாம். மூன்று, பசையும் ஈரமும் சரியாகப் போகாமல் மேலே அடித்த எபாக்ஸி சில மாதங்களிலேயே உரிந்து வரலாம். முதல் இரண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை, மூன்றாவது பணம் சம்பந்தப்பட்டது. இவற்றைத் தவிர்ப்பது எப்படி? படிப்படியாகப் பார்க்கலாம்.

லினோலியமும் வினைலும் ஒண்ணா?

இல்லை. பேச்சுவழக்கில் தரையில் ஒட்டும் எல்லா விரிப்பையும் 'லினோலியம்' என்றோ 'ஃப்ளோர் மேட்' என்றோ சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டும் வேறு வேறு பொருட்கள்.

லினோலியம் 1860-களில் இங்கிலாந்தில் ஃபிரடெரிக் வால்டன் என்பவர் உருவாக்கியது. ஆளி விதை எண்ணெயைக் காற்றில் கெட்டியாக்கி, அதோடு கார்க் தூள், மரத்தூள், நிறமிகள் சேர்த்து, சணல் துணி மேல் அழுத்தித் தயாரிப்பார்கள். லத்தீன் மொழியில் 'லைனம்' என்றால் ஆளி, 'ஓலியம்' என்றால் எண்ணெய். அந்த இரண்டும் சேர்ந்ததுதான் பெயர்.

வினைல் என்பது பிவிசி பிளாஸ்டிக். விலை குறைவு, தண்ணீர் பட்டால் ஊறாது என்பதால் பிற்பாடு லினோலியத்தின் இடத்தைப் பெருமளவு வினைல் பிடித்துக்கொண்டது.

எப்படி அடையாளம் காண்பது? ஓரத்தில் ஏற்கெனவே பிய்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். அடியில் சாக்குத் துணி போன்ற சணல் நெசவு தெரிந்து, லேசான எண்ணெய் வாசனை வந்தால் லினோலியமாக இருக்க வாய்ப்பு அதிகம். பிளாஸ்டிக் போல மின்னி, அடியில் ஃபோம் அல்லது காகிதம் போன்ற அடுக்கு இருந்தால் வினைல். சதுரம் சதுரமாக, வளைத்தால் உடையும் கெட்டித் துண்டுகளாக இருந்தால் அது பழைய வினைல் டைல். இந்த மூன்றாவது வகையிலும், காகிதம் போன்ற அடுக்கு உள்ள பழைய வினைல் ஷீட்டிலும்தான் கூடுதல் எச்சரிக்கை தேவை.

எதுவென்று பார்க்கக் கொளுத்திப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைச் செய்யவே கூடாது. பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது கண்ணையும் நுரையீரலையும் பாதிக்கும்.

தரையில் ஆஸ்பெஸ்டாஸா? அது கூரையில்தானே இருக்கும்?

ஆஸ்பெஸ்டாஸ் என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கூரை ஷீட்தான். ஆனால் தரை டைலுக்கும் அது பயன்பட்டிருக்கிறது. இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 3461 என்ற தர விவரக்குறிப்பின் தலைப்பே 'பிவிசி ஆஸ்பெஸ்டாஸ் தரை டைல்கள்' என்பதுதான். தரம் வகுக்கும் அளவுக்கு அந்தப் பொருள் இங்கே புழக்கத்தில் இருந்திருக்கிறது என்று அர்த்தம். லினோலியத்துக்குத் தனியாக ஐ.எஸ். 653 இருக்கிறது.

டைல் எளிதில் தேயாமல், சூட்டில் சுருங்காமல் இருக்க ஆஸ்பெஸ்டாஸ் நாரைச் சேர்த்தார்கள். சில வினைல் ஷீட்களின் அடியில் இருக்கும் காகிதம் போன்ற அடுக்கிலும், தார் கலந்த கறுப்புப் பசையிலும்கூட இது கலக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 1980-களுக்கு முந்தைய கட்டடங்களில் 9 அங்குலச் சதுர டைலும் அதன் அடியில் கறுப்புப் பசையும் இருந்தால், பரிசோதிக்கும் வரை ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகவே கருதுவது வழக்கம்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. தரையில் உடையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை இந்த டைலால் பெரிய ஆபத்து இல்லை. நார் பிளாஸ்டிக்குள் சிறைப்பட்டிருக்கும். உலர்ந்த நிலையில் உடைக்கும்போது, சுரண்டும்போது, கிரைண்டர் போடும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலக்கின்றன. அவை நுரையீரலுக்குள் போனால் வெளியே வருவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதெலியோமா, மூச்சுத் திணறலை உண்டாக்கும் ஆஸ்பெஸ்டோசிஸ் ஆகியவை வரலாம். நோய் தெரியவரப் பல பத்து ஆண்டுகள் ஆகலாம் என்பதுதான் இதன் கொடுமை. இன்று 25 வயதில் தரை சுரண்டும் தொழிலாளிக்கு 55 வயதில் மூச்சு வாங்கினால், எந்த கம்பெனியில், எந்த ஷெட்டில் அந்தத் தூசியைச் சுவாசித்தார் என்று அவருக்கே நினைவிருக்காது.

இந்தியாவில் தடை இருக்கிறதா?

முழுத் தடை இல்லை. 60-க்கும் மேற்பட்ட நாடுகள் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 மார்ச்சில் கிரைசோடைல் எனப்படும் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை விதித்தது. இந்தியாவில் சுரங்கம் நின்றுபோனாலும், வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதியாகி, பெரும்பாலும் சிமென்ட் ஷீட் தயாரிக்கப் பயன்படுகிறது.

தடை இல்லை என்பதால் விதி இல்லை என்று ஆகாது. உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27-ல் அளித்த தீர்ப்பு இதில் முக்கியமானது. நுகர்வோர் கல்வி மற்றும் ஆய்வு மையம் தொடுத்த வழக்கு அது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலில் இருக்கும் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுக்குப் பிறகு 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. தொழிலாளியின் ஆரோக்கியம் என்பது அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றும் அந்தத் தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. பரிசோதனை ஒன்றுதான் வழி. கட்டடம் எப்போது கட்டியது, தரை எப்போது போட்டது என்ற ஆவணம் இருந்தால் முதலில் அதைத் தேடுங்கள். சமீபத்தில் போட்ட வினைல் என்று பில் இருந்தால் கவலை குறையும். பில் இல்லாத பழைய தரை என்றால் மாதிரி எடுத்து அனுப்புவதே நல்லது.

மாதிரி எடுக்கும் முறை:

• ஃபேன், ஏசி எல்லாவற்றையும் நிறுத்தவும். வேலை செய்பவரைத் தவிர மற்றவர்கள் வெளியே இருக்க வேண்டும்.
• எடுக்கும் இடத்தில் சில துளி சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்து நனைக்கவும்.
• ஏற்கெனவே உடைந்திருக்கும் ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டு டைல், அதன் அடியில் இருக்கும் பசை இரண்டையும் தனித்தனி ஜிப் கவரில் போடவும். டைலில் இல்லாவிட்டாலும் பசையில் இருக்கலாம்.
• எடுத்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து டேப் ஒட்டவும். அந்தத் துணியையும் கவரில் போட்டு மூடவும்.
• ஆஸ்பெஸ்டாஸ் பரிசோதனைக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பவும். அங்கே சிறப்பு நுண்ணோக்கியில் நார் வகையைப் பார்த்துச் சொல்வார்கள்.

ஒரே கட்டடத்தில் வெவ்வேறு அறைகளில் வெவ்வேறு காலத்தில் தரை போட்டிருக்கலாம். எனவே தரை மாறும் ஒவ்வொரு இடத்திலும் தனி மாதிரி வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் என்ன செய்வது?

முதல் வாய்ப்பு, தொடாமல் விடுவது. டைல் உறுதியாக ஒட்டியிருந்தால் அதன் மேலேயே புதுத் தரை போட்டு மூடிவிடலாம். செலவும் குறைவு, தூசியும் இல்லை. ஆனால் 'அடியில் ஆஸ்பெஸ்டாஸ் டைல் உள்ளது' என்று கட்டட வரைபடத்திலும் பராமரிப்புப் பதிவேட்டிலும் எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் 10 வருஷம் கழித்து கேபிள் போட வருபவர் விஷயம் தெரியாமல் டிரில் போடுவார்.

பெயர்த்தே ஆக வேண்டும் என்றால் பயிற்சி பெற்ற குழுவிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். அமெரிக்கத் தரைவிரிப்புத் தொழில் அமைப்பு இதற்கென வகுத்திருக்கும் நடைமுறையில் கூடாது என்று சொல்பவை இவை: உப்புத்தாள் போடுவது, உலர்ந்த நிலையில் சுரண்டுவது, உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவது, துளை போடுவது, அறுப்பது, இயந்திரத்தால் கொத்துவது. நனைத்து, முழுத் துண்டாக எடுத்து, தடித்த பாலித்தீன் பையில் போட்டு மூட வேண்டும். சாதாரண வேக்குவம் கிளீனர் உதவாது. அது நாரை உறிஞ்சிப் பின்பக்கம் அறை முழுக்க ஊதிவிடும். ஹெப்பா ஃபில்டர் உள்ளதுதான் வேண்டும்.

கர்ச்சீஃப் கட்டிக்கொள்வது, துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் எதுவும் ஆஸ்பெஸ்டாஸ் நாரைத் தடுக்காது. முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும், மாற்றக்கூடிய பி100 அல்லது பி3 தர வடிகட்டி உள்ள முகக்கவசம் தேவை. வேலை உடையோடு வீட்டுக்குப் போகக் கூடாது. உடையில் ஒட்டிய நார் வீட்டில் இருக்கும் மனைவி, பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்து நோய் உண்டாக்கியதற்குப் பல நாடுகளில் பதிவுகள் உண்டு.

ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்றால்: படிப்படியான வேலை

ஆய்வக முடிவு 'இல்லை' என்று வந்தால் வேலையைத் தொடங்கலாம். வரிசை இதுதான்.

1. அறையைக் காலி செய்யவும். இயந்திரங்களை நகர்த்த முடியாவிட்டால் பாலித்தீன் ஷீட்டால் மூடி டேப் ஒட்டவும். மின் பலகை, சென்சார் இருக்கும் இடங்களுக்கு இது கட்டாயம்.

2. கட்டர் கத்தியால் விரிப்பை 15 முதல் 20 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டவும். முழு ஷீட்டையும் ஒரே மூச்சில் இழுத்தால் முதுகு போகும், ஷீட்டும் கண்டபடி கிழியும்.

3. ஒரு முனையைப் பட்டி பிளேடால் தூக்கி, பட்டையை மெதுவாகத் தனக்குத் தானே மடியும்படி இழுத்துச் சுருட்டவும். மேல் அடுக்கு மட்டும் உரிந்து, அடி அடுக்கு தரையிலேயே தங்கினால் பதற வேண்டாம். அது வழக்கம்தான்.

4. தங்கிய அடுக்கை நனைத்து ஊறவிடவும். பழைய லினோலியத்துக்குப் பயன்பட்ட சில பசைகள் தண்ணீரில் இளகக் கூடியவை. வெந்நீர் ஊற்றிப் பழைய துணி போட்டு அரைமணி நேரம் விட்டால் பாதி வேலை முடிந்துவிடும். முதலில் ஒரு சதுர அடியில் மட்டும் செய்து பாருங்கள்.

5. நீளக் கைப்பிடி உள்ள ஸ்கிரேப்பரால் சுரண்டவும். பெரிய பரப்பு என்றால் மின்சார ஸ்கிரேப்பர் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாம். பிளேடு மழுங்கினால் உடனே மாற்ற வேண்டும். மழுங்கிய பிளேடால் நேரமும் கையும்தான் வீண்.

6. பட்டி பிளேடுக்கு வராத கடைசிப் படலத்துக்குத்தான் கிரைண்டர்.

எவ்வளவு கழிவு வரும் என்று முன்பே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. 1,000 சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். அதில் 2 மி.மீ. தடிமன் வினைல் இருந்தால் கால் டன் அளவுக்கு எடை வரும். 1 மி.மீ. பசை என்றால் சுமார் 93 லிட்டர். ரெண்டு சாக்கு வைத்துக்கொண்டு தொடங்கும் வேலை அல்ல இது.

பசையின் நிறமே பாதி விஷயத்தைச் சொல்லும்

கறுப்பு: பெரும்பாலும் தார் சேர்ந்தது. ஆஸ்பெஸ்டாஸ் சந்தேகம் இதில்தான் அதிகம், பரிசோதிக்காமல் தொடக்கூடாது. இல்லை என்று தெரிந்த பிறகும் முழுவதுமாக எடுக்க வேண்டும். தார் படலத்தின் மேல் எபாக்ஸி பிடிக்காது. தார் கசிந்து புதுத் தரையில் மஞ்சள், பழுப்புக் கறை விழவும் வாய்ப்பு உண்டு.

மஞ்சள், வெளிர் பழுப்பு: செயற்கை ரப்பர் வகைப் பசை. நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் காலங்காலமாக விற்கும் கான்டாக்ட் பசைகள் இந்த வகைதான். காய்ந்தாலும் ரப்பர் போல இழுபடும். கிரைண்டர் சூட்டில் உருகி, டைமண்ட் கப்பின் பற்களில் அப்பிக்கொள்ளும்.

வெள்ளை, கிரீம்: தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் பசை. வெந்நீர், சோப்புத் தண்ணீருக்கு ஓரளவு இளகும்.

நிறம் ஒரு துப்பு மட்டுமே. காலப்போக்கில் அழுக்கேறி மஞ்சள் பசையும் கறுப்பாகத் தெரியலாம்.

தின்னர் ஊத்தினா கரைஞ்சிடுமே?

கரையும். அதுதான் பிரச்சினையே. தின்னர் பசையைத் திரவமாக்கும். கான்கிரீட் பார்க்கத்தான் கல், உள்ளே நுண்ணிய துளைகள் நிறைந்தது. கரைந்த பசையில் ஒரு பகுதி துணிக்கு வரும், இன்னொரு பகுதி துளைகளுக்குள் இறங்கும். மேலே சுத்தமாகத் தெரியும். எபாக்ஸி அடித்த பிறகு உள்ளே இருப்பது மெல்ல மேலே வந்து பிடிமானத்தைக் கெடுக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து தீ. தின்னரில் இருக்கும் டொலுயீன் போன்ற கரைப்பான்களின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகப் படர்ந்து, குழிகளிலும் கேபிள் டிரெஞ்சிலும் தேங்கும். பக்கத்து ஷெட்டில் வெல்டிங் நடந்தாலோ, ஒரு சுவிட்சைத் தட்டினாலோ, கிரைண்டரில் பொறி வந்தாலோ போதும். ஷட்டரை இறக்கிவிட்டு, மூடிய அறையில் தின்னர் வேலை செய்வது உயிரோடு விளையாடுவது. தீ வராவிட்டாலும் தலைசுற்றல், வாந்தி, மயக்கம் வரும்.

பெயின்ட் ரிமூவர்களில் இருக்கும் மெத்திலீன் குளோரைடு இன்னும் கடுமையானது. மூடிய இடத்தில் பயன்படுத்திய தொழிலாளர்கள் இறந்ததால் அமெரிக்கா 2024-ல் அதன் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை விதித்தது. டப்பாவின் லேபிளில் இந்தப் பெயர் இருந்தால் வாங்காமல் இருப்பதே நல்லது.

ஆசிட் ஊற்றினால்? ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கான்கிரீட்டை அரிக்கும், பசையைக் கரைக்காது. அதில் இருக்கும் குளோரைடு உள்ளே இறங்கி இரும்புக் கம்பிக்குத் துரு பிடிக்கவும் வழிவகுக்கும். பணமும் போய், தரையும் போகும்.

கிரைண்டிங்: தூசிதான் எதிரி

ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்றால் தூசி பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. கான்கிரீட்டை அரைத்தால் சிலிகா தூசி வரும். இதுவும் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் இருப்பதுதான். நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிகோசிஸ் நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

• கிரைண்டரில் தூசி உறிஞ்சும் உறையும், ஹெப்பா ஃபில்டர் வேக்குவமும் பொருத்தியே இயக்க வேண்டும்.
• ரப்பர் பசைக்குச் சாதாரண டைமண்ட் கப் உதவாது. பிசிடி எனப்படும் பற்கள் பசையை அரைக்காமல் செதுக்கி எடுக்கும்.
• ஷாட் பிளாஸ்டிங் இயந்திரம் தடித்த ரப்பர் பசைக்கு ஒத்துவராது. இரும்புக் குண்டுகள் பசையில் பட்டுத் துள்ளிவிடும். பசை போன பிறகு தரையைச் சொரசொரப்பாக்க அது நல்லது.
• குறைந்தது என்95 அல்லது ஐ.எஸ். 9473 தரத்தில் எஃப்எஃப்பி2 முகக்கவசம், கண்ணாடி, காது அடைப்பான் தேவை. தாடி இருந்தால் முகக்கவசம் சரியாகப் பொருந்தாது.

எல்லாம் போச்சா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. தரையில் பல இடங்களில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து மாதிரி நின்றால் பசைப் படலம் இன்னும் இருக்கிறது. சில நிமிடங்களில் உறிஞ்சி இடம் கறுத்தால் கான்கிரீட் திறந்துவிட்டது.

ஈரம்: கும்மிடிப்பூண்டி பக்கம் இதை மறக்கவே கூடாது

பழைய தரை பல இடங்களில் உப்பி, பசை தானாகவே விட்டுப் போயிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். அடியில் இருந்து ஈரம் ஏறுகிறது என்பதன் அடையாளம் அது. ஆரணியாறு, பழவேற்காடு ஏரி, கடற்கரை எல்லாம் அருகில் இருக்கும் பகுதி இது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும். பழைய ஷெட்களில் கான்கிரீட்டுக்கு அடியில் ஈரத்தடுப்பு ஷீட் போட்டிருக்கிறார்களா என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

அப்படிப்பட்ட தரையில் எபாக்ஸி அடித்தால், ஆவி வெளியேற வழியில்லாமல் கொப்புளம் போட்டு உரியும். அடிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை:

• 18 அங்குலச் சதுர பாலித்தீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் குறைந்தது 16 மணி நேரம் விடவும். எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர்த்துளியோ, கான்கிரீட்டில் கறுத்த ஈரமோ இருந்தால் தரை தயாரில்லை. பல இடங்களில் செய்ய வேண்டும்.
• பெரிய வேலை என்றால், தரையில் துளையிட்டு ஈரப்பத மானி வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் உலரும் தரையில், தடிமனில் 40 சதவீத ஆழத்தில் அளப்பது முறை.
• தரையின் வெப்பம், காற்றின் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 27 டிகிரி. தரை 29 டிகிரி இருந்தால்கூட அன்று எபாக்ஸி அடிக்கக் கூடாது. அக்டோபர், நவம்பர், டிசம்பரில் இப்படிப்பட்ட நாட்கள் சகஜம்.
• எபாக்ஸி தயாரிப்பாளர்கள் பலர் கேட்பது 25 நியூட்டன் அழுத்த வலிமை, 1.5 நியூட்டன் இழுவை வலிமை. இவை ஒரு சதுர மில்லி மீட்டருக்கான அளவு. இழுவைச் சோதனை அறிக்கை இல்லாமல் தரப்படும் 'கியாரன்டி' வெறும் வாய் வார்த்தைதான்.

கழிவு எங்கே போகும்?

ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லினோலியம், வினைல் துண்டுகள் சாதாரணத் தொழிற்சாலைத் திடக்கழிவு. ஆனால் காலி மனையில் குவித்து எரிப்பது சட்டவிரோதம். பிவிசி எரிந்தால் டையாக்சின் என்ற நச்சும் உருவாகும். புகை போவது பக்கத்து ஊருக்குத்தான்.

அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-ன் முதல் அட்டவணையில், பயன்படாத ஆஸ்பெஸ்டாஸும் இடம்பெற்றிருக்கிறது, ரசாயனம் பட்ட பஞ்சுத்துணிகளும் இடம்பெற்றிருக்கின்றன. தின்னரில் நனைந்த துணியும் காலி டின்னும் குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். இவற்றைத் தனியாக மூடி வைத்து, லேபிள் ஒட்டி, அதிகபட்சம் 90 நாட்களுக்குள் அங்கீகாரம் பெற்ற மையத்துக்கு அனுப்ப வேண்டும். லாரியோடு படிவம் 10 என்ற கழிவு அனுப்புச் சீட்டு போக வேண்டும்.

இந்தப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு ஒரு வசதி, அபாயகரக் கழிவுகளைப் பாதுகாப்பாகப் புதைக்கும் பொது மையம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகமும் கும்மிடிப்பூண்டிக்கு உண்டு. எந்தக் கழிவு எந்தப் பிரிவில் வரும் என்று சந்தேகம் இருந்தால், வேலை தொடங்கும் முன்பே அங்கே எழுத்தில் கேட்டுவிடலாம்.

கான்ட்ராக்டர்கிட்ட கொடுத்தாச்சு, அப்புறம் எனக்கென்ன?

இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் தினக்கூலிகள். கும்மிடிப்பூண்டியில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் அதிகம். இன்று இந்த ஷெட், அடுத்த வாரம் வேறு ஊர் என்று போய்விடுவார்கள். அதனால்தான் அவர்களுக்கு வரும் தூசி நோய் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

வேலையை ஒப்பந்தத்தில் கொடுத்துவிட்டதால் முதன்மை முதலாளியின் பொறுப்பு தீர்ந்துவிடாது. தன் வளாகத்தில் பாதுகாப்பான சூழலைத் தருவது அவர் கடமை. சிலிகோசிஸ், ஆஸ்பெஸ்டோசிஸ் இரண்டும் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்கள். புகார்களைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குக் கொண்டு செல்லலாம்.

எச்சரிக்கைப் பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால் போதாது. வேலை செய்பவருக்குப் புரியும் இந்தியிலோ ஒடியாவிலோ வங்காளத்திலோ, படத்தோடு இருக்க வேண்டும்.

வேலை கொடுக்கும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. டைல், பசை இரண்டுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா?
2. பசையை எடுக்க எந்த முறை? ரசாயனம் என்றால் அதன் பாதுகாப்புத் தகவல் தாள் எங்கே?
3. கிரைண்டரோடு ஹெப்பா வேக்குவம் வருமா?
4. எத்தனை பேருக்கு, எந்தத் தர முகக்கவசம்? அதன் விலை கொட்டேஷனில் சேர்ந்திருக்கிறதா?
5. தொழிலாளர்களுக்கு இஎஸ்ஐ இருக்கிறதா?
6. ஈரச் சோதனை, இழுவைச் சோதனை யார் செய்வார்கள்?
7. கழிவை யார், எங்கே கொண்டுபோவார்கள்? ரசீது தருவார்களா?

மற்றவர்களைவிட மிகக் குறைந்த விலைக்கு வரும் கொட்டேஷனில் பெரும்பாலும் விடுபட்டிருப்பது மூன்றாவது, நான்காவது, ஏழாவது கேள்விகளுக்கான செலவுதான்.

வீடுகளுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். பழைய குடியிருப்புகளில் கெட்டியான சதுர டைலும் கறுப்புப் பசையும் இருந்தால், பரிசோதிக்காமல் உடைக்க வேண்டாம். மேலேயே புது விரிப்பு போட்டு மூடுவதே பெரும்பாலும் எளிய தீர்வு. பசை போட்டு ஒட்டாமல் சும்மா விரித்த பிவிசி மேட் என்றால் கவலையில்லை, அப்படியே சுருட்டி எடுத்துவிடலாம். அடியில் கறை பிடித்திருந்தால் சோப்புத் தண்ணீரும் பட்டி பிளேடுமே போதும்.

வேலையின் வரிசையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் பரிசோதனை, அடுத்து நனைத்து எடுப்பது, கடைசியாகத்தான் கிரைண்டர். பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை கிரைண்டர் பெட்டியிலேயே இருக்கட்டும்.